அட்டைக் கவசம் வாங்கத் தக்கதா?

வேலூர், காட்பாடி வழியாகச் சித்தூரை அடைந்து, அங்கிருந்து திருப்பதிக்குச் செல்லும் வாகனங்கள் காதங்கி என்னும் சிற்றூருக்கு அருகில் ஒரு சுங்கச் சாவடியைக் கடக்கின்றன. வாகனத்தின் முன் கண்ணாடியில் ஒட்டப்பட்டுள்ள 'ஃபாஸ்டேக்' சீட்டை, மேலே பொருத்தப்பட்டுள்ள கருவி தொடாமலே படித்துவிடுகிறது. தடுப்புக் கட்டை உயர்கிறது. கட்டணம் கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது. இக்காட்சியைக் காணும் யாத்திரிகரின் மனத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பே. அவருடைய சட்டைப் பையிலுள்ள வங்கி அட்டையிலும் தொடாமலே பணம் செலுத்தும் வசதி உண்டு. கண்ணாடியில் உள்ள சீட்டைச் சில மீட்டர் தூரத்திலிருந்து படிக்க முடியுமானால், கூட்டத்தில் உடன் நிற்கும் ஒருவன் பையிலுள்ள அட்டையையும் அவ்வாறே படித்துப் பணத்தைக் கவர்ந்துவிட மாட்டானா?

இந்த ஐயத்தை அடிப்படையாகக் கொண்டு ஒரு வாணிகமே வளர்ந்திருக்கிறது. உலோகத் தகடு வைத்துத் தைத்த பணப்பைகள், அட்டையைச் செருகி வைக்கும் உறைகள், மற்ற அட்டைகளுக்கு இடையே வைக்கும் 'தடுப்பு அட்டைகள்' ஆகியவை 'ஆர்.எஃப்.ஐ.டி. தடுப்பு' என்னும் பெயரில் விற்கப்படுகின்றன. உறைகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. பணப்பைகளின் விலை ஆயிரம் ரூபாயையும் கடக்கிறது. இவற்றை வாங்குவது தக்க செலவா, வீண் செலவா என்பதை முடிவு செய்ய மூன்று செய்திகளை அறிதல் வேண்டும். அட்டையை எவ்வளவு தூரத்திலிருந்து படிக்க இயலும்? அவ்வாறு படிப்பவனுக்குக் கிடைப்பது என்ன? பணம் உண்மையில் எவ்வழிகளில் களவு போகிறது? இவற்றை முறையே காண்போம்.

அட்டை பேசும் முறை

தொடாமலே பணம் செலுத்தும் அட்டையில் நான்கு வளைகோடுகள் கொண்ட சின்னம் அச்சிடப்பட்டிருக்கும். அட்டையின் பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே, அதன் ஓரத்தை ஒட்டிச் சில சுற்றுகள் கொண்ட மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று புதைந்துள்ளது. அச்சுருள் ஒரு மின்னணுச் சில்லுடன் இணைந்திருக்கிறது. அட்டைக்குள் மின்கலம் எதுவும் இல்லை. ஆகவே அது தானாக எந்த அலையையும் வீசுவதில்லை. பைக்குள் இருக்கும்போது அது உறங்கும் பொருளே ஆகும்.

கடையில் உள்ள இயந்திரத்திலும் ஒரு கம்பிச் சுருள் உண்டு. அதில் விநாடிக்கு ஒரு கோடியே முப்பத்தைந்து லட்சத்து அறுபதாயிரம் முறை, அதாவது 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், மாறும் மின்னோட்டம் பாய்கிறது. அது தன்னைச் சுற்றி மாறும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அப்புலத்தினுள் அட்டையைக் கொண்டு சென்றால், அட்டையின் சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831-ஆம் ஆண்டில் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் தத்துவமே இது. மின்மாற்றியில் ஒரு சுருளிலிருந்து மற்றொரு சுருளுக்கு ஆற்றல் பாய்வதும் இத்தத்துவத்தினால்தான். இவ்வாறு கிடைத்த சிறு ஆற்றலைக் கொண்டு சில்லு விழித்தெழுகிறது. விழித்த சில்லு, தன் சுருளின் சுமையைக் கூட்டியும் குறைத்தும் காட்டுகிறது. அதனால் இயந்திரத்தின் சுருளில் ஏற்படும் நுட்பமான மாறுதலை இயந்திரம் உணர்ந்து, அட்டையின் விடையாக ஏற்றுக்கொள்கிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை பெறப்படுகிறது. அட்டையும் இயந்திரமும் ஒன்றுக்கொன்று வானொலி நிலையமும் வானொலிப் பெட்டியும் போன்றவை அல்ல. அவை ஒரே மின்மாற்றியின் இரு பாதிகளைப் போன்றவை. இரு பாதிகளும் நெருங்கியிருக்கும் வரையில்தான் அம்மின்மாற்றி இயங்கும்.

தூரத்தின் கணக்கு

சுருள் ஒன்றின் காந்தப் புலம், அச்சுருளின் அளவைக் கடந்த பின்னர், தூரத்தின் முப்படிக்கு ஏற்பக் குறைகிறது. தூரம் இரு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்காகும். மூன்று மடங்கானால் இருபத்தேழில் ஒரு பங்காகும். பத்து மடங்கானால் ஆயிரத்தில் ஒரு பங்காகும். இக்காரணத்தினாலேயே கடை இயந்திரம் அட்டையை ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டருக்குள் கொண்டு வந்தால்தான் படிக்கிறது. இவ்வகை அட்டைகளுக்கான சர்வதேசத் தர விதிகளும் பத்து சென்டிமீட்டர் அளவிலான அண்மையைக் கருதியே வகுக்கப்பட்டவை.

பெரிய சுருளும் வலிய மின்னோட்டமும் கொண்டு தூரத்தைக் கூட்ட இயலாதா என்று கேட்கலாம். ஓரளவு இயலும். இஸ்ரேல் நாட்டின் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் இருவர், எளிதில் கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டு இதைச் செய்து பார்த்து 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். செம்புக் குழாயை வளைத்துச் செய்த சுருளின் உதவியால் அவர்கள் சுமார் 25 சென்டிமீட்டர் தூரத்தை எட்டினர். அதற்குமேல் செல்லச் செல்ல இரு இடையூறுகள் பெருகுகின்றன. சில்லை எழுப்புவதற்கு வேண்டிய ஆற்றல் மிக விரைவாக உயர்கிறது. அவ்வாறு உயர்த்திய வலிய புலத்தின் இரைச்சலுக்கு நடுவே அட்டையின் மெல்லிய விடையைப் பிரித்தறிவதும் அரிதாகிறது.

இந்த இரண்டாம் இடையூறின் அளவை உணர, முற்கூறிய காதங்கியிலேயே ஒரு சான்று உண்டு. அங்கு மத்திய அரசின் விண்வெளித் துறையைச் சேர்ந்த தேசிய வளிமண்டல ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. 1990-களின் தொடக்கத்தில் அங்கு நிறுவப்பட்ட ராடார், 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை வானை நோக்கிச் செலுத்தி, காற்று மண்டலத்திலிருந்து திரும்பி வரும் மிக மெல்லிய எதிரொலியைக் கேட்கிறது. அந்த எதிரொலியைப் பெறுவதற்காக 1,024 ஆண்டெனாக்கள் ஏறக்குறைய பதினாறாயிரம் சதுர மீட்டர் பரப்பில் நிறுத்தப்பட்டன. தொடக்கத்தில் அதன் உச்ச ஆற்றல் 25 லட்சம் வாட்டாக இருந்தது. தானாகப் பேசாத பொருளிடமிருந்து தொலைவில் நின்று விடை பெறுவது எத்தகைய ஏற்பாட்டை வேண்டுவது என்பதற்கு இந்த ராடார் ஓர் எடுத்துக்காட்டு. ராடார் அலை வீசும் கருவி, அட்டை காந்தத் தூண்டலால் இயங்குவது என்னும் வேறுபாட்டை மறத்தலாகாது. ஆயினும், மடியில் மறைத்த சிறு கருவி ஒன்று தெருவின் மறுபுறத்திலிருந்து பணப்பையைப் படிக்கும் என்பது நடவாத செய்தி என்பதை உணர இவ்வொப்புமை போதும்.

சாவடிச் சீட்டும் சட்டைப் பை அட்டையும்

அவ்வாறாயின் ஃபாஸ்டேக் சீட்டு மட்டும் சில மீட்டர் தூரத்திலிருந்து படிக்கப்படுவது எங்ஙனம்? அதன் அதிர்வெண் வேறு. இயங்கும் முறையும் வேறு. அது நம் நாட்டில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குகிறது. அவ்வலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். சீட்டின் உள்ளே உள்ள ஆண்டெனா அவ்வலை நீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவுடையது. ஆகவே அது தன்மேல் படும் அலையை உண்மையாகவே திருப்பி வீசுகிறது. வங்கி அட்டையின் அதிர்வெண்ணுக்குரிய அலை நீளமோ 22 மீட்டர். எட்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள அட்டைச் சுருள் அத்தகைய அலையை வீசும் ஆண்டெனாவாக இயங்க வழியில்லை. ஒன்று கண்ணாடியைப் போல் ஒளியைத் திருப்புவது. மற்றொன்று காந்தத்தின் அருகில் வைத்த ஊசியைப் போல் அண்மையில் மட்டும் உணர்வது.

ஃபாஸ்டேக்கைப் பற்றியும் ஒரு பீதி பரவியதுண்டு. வாகனக் கண்ணாடியைத் துடைக்கும் சிறுவன் தன் கைக்கடிகாரத்தைச் சீட்டின்மேல் காட்டிப் பணத்தைக் கவர்வதாகச் சித்திரிக்கும் படம் ஒன்று 2022 ஜூன் மாதத்தில் நாடெங்கும் சுற்றியது. அப்படம் பொய்யானது என்று இந்திய தேசியப் பணம் செலுத்தல் கழகம் விளக்கியது. ஃபாஸ்டேக் கணக்கிலிருந்து பதிவு பெற்ற வணிக அமைப்புகளுக்கு மட்டுமே பணம் செல்லும். ஒரு தனி மனிதரிடமிருந்து மற்றொரு தனி மனிதருக்குச் செல்லாது என்பது அவ்விளக்கத்தின் சாரம். சீட்டைப் படிப்பது வேறு, பணத்தைப் பெறுவது வேறு என்னும் இப்பாடம் வங்கி அட்டைக்கும் பொருந்தும்.

படித்தவன் கையில் சிக்குவது என்ன?

திருமலையில் தரிசன வரிசையில் நிற்பவர்களுக்கு இடையே சில சென்டிமீட்டர் இடைவெளியும் இருப்பதில்லை. ஆகவே தூரம் மட்டும் அட்டையைக் காத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. கோயிலுக்குள் கைப்பேசி முதலிய மின்னணுக் கருவிகளைக் கொண்டு செல்ல அனுமதி இல்லாமையால், தரிசன வரிசையில் இவ்வகைத் திருட்டுக்கு இடம் மிகக் குறைவு. எனினும் பேருந்து நிலையத்திலும் இரயில் நிலையத்திலும் அத்தகைய தடை இல்லை. எனவே ஒருவன் நெருங்கி நின்று அட்டையைப் படித்துவிட்டான் என்றே வைத்துக்கொண்டு, அவனுக்குக் கிடைப்பதை ஆராய்தல் தகும்.

இவ்வச்சத்திற்கு ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் உள்ளிட்ட குழு ஒன்று, அந்நாட்டில் அப்போது வழங்கப்பட்ட முதல் தலைமுறைத் தொடா அட்டைகளை 2006-ஆம் ஆண்டில் பரிசோதித்தது. உடையவரின் பெயரும் அட்டை எண்ணும் மறைப்பின்றி வெளிப்படுவதை அக்குழு காட்டியது. தடுப்புப் பணப்பைகளின் வாணிகம் செழித்தது இத்தகைய செய்திகள் பரவிய காலத்தில்தான். பின்னர் வந்த அட்டைகள் பொதுவாகப் பெயரை வெளியிடுவதில்லை. அட்டை எண்ணும் காலாவதித் தேதியும் இன்றும் படிக்கப்படலாம். ஆனால் அட்டையின் பின்புறம் அச்சிட்ட மூன்று இலக்க எண் சில்லில் இல்லை. 'பின்' எனப்படும் இரகசிய எண்ணும் வானில் வெளிப்படுவதில்லை. ஒவ்வொரு முறை பணம் செலுத்தும்போதும் சில்லு ஒரு புதிய சங்கேத எண்ணைக் கணித்துத் தருகிறது. ஒருமுறை பயன்பட்ட சங்கேத எண் மறுமுறைக்கு உதவாது. ஆகவே படித்த தகவலைக் கொண்டு அதே போன்ற சில்லு அட்டை ஒன்றைச் செய்ய இயலாது.

எண்ணையும் தேதியையும் கொண்டு இணையக் கடைகளில் பொருள் வாங்கலாமே என்றால், இந்தியாவில் இணைய வழி அட்டைப் பயன்பாட்டுக்கு 2009 ஆகஸ்டு முதல் கூடுதலான ஒரு சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியுள்ளது. அச்சரிபார்ப்பைக் கேளாத வெளிநாட்டுக் கடைகளும் உண்டு. அவ்வழியை அடைப்பதற்கு ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் ஓர் ஆணை பிறப்பித்தது. புதிதாக வழங்கும் அட்டை, இந்தியாவுக்குள், ஏ.டி.எம். இயந்திரத்திலும் கடை இயந்திரத்திலும் செருகிப் பயன்படுத்தும் வகையில் மட்டுமே இயங்க வேண்டும். இணையப் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு, தொடாப் பயன்பாடு ஆகியவற்றை உடையவரே விரும்பித் திறந்துகொள்ள வேண்டும் என்பது அவ்வாணை. திறப்பதற்கும் மூடுவதற்கும் எந்நேரமும் வசதி தர வேண்டும் என்றும் அது பணித்தது.

எஞ்சுவது ஒரே வழி. திருடன் ஒரு கடை இயந்திரத்தையே கையில் வைத்துக்கொண்டு, பிறர் பையின்மேல் அதைக் காட்டிப் பணம் பெற முயலலாம். இரகசிய எண் இல்லாமல் ஒருமுறையில் செலுத்தக்கூடிய தொகை 2015-ஆம் ஆண்டில் 2,000 ரூபாயாக இருந்தது. 2021 ஜனவரி 1 முதல் 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆகவே இழப்புக்கு ஒரு வரம்பு உண்டு. மேலும், கடை இயந்திரம் பெறுவதற்கு வணிகர் தம் அடையாளச் சான்றுகளைக் காட்டி வங்கியில் பதிவு செய்தல் வேண்டும். கவர்ந்த பணம் அவ்வணிகரின் கணக்கிலேயே வந்து சேரும். தன் பெயரையும் முகவரியையும் வங்கியில் எழுதி வைத்துவிட்டுத் திருடுவது போன்றது இச்செயல். பல ஆண்டுகளாகத் தொடா அட்டைகள் உலகெங்கும் புழங்கியும் இம்முறை திருடர்களுக்குப் பிழைப்பாக அமையாததன் காரணம் இதுவே.

கவசம் வேலை செய்கிறதா?

தடுப்பு உறைகள் முற்றிலும் பயனற்றவை என்று கூறுவது நேர்மையாகாது. நன்கு செய்த உறை தன் வேலையைச் செய்யவே செய்கிறது. மாறும் காந்தப் புலம் உலோகத் தகட்டில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அச்சுழல் மின்னோட்டங்கள் தம்மைத் தூண்டிய புலத்திற்கு எதிரான புலத்தை உண்டாக்கி அதை நலியச் செய்கின்றன. உலோகத்தின் அண்மையினால் அட்டைச் சுருளின் ஒத்திசைவும் குலைந்துவிடுகிறது. சில்லுக்கு வேண்டிய ஆற்றல் கிட்டாமையால் அது விழிப்பதில்லை.

ஆனால் இவ்வேலையைச் செய்ய விலையுயர்ந்த பொருள் வேண்டுவதில்லை. சமையலறையில் சப்பாத்தி சுற்றி வைக்கும் அலுமினியத் தாளே போதும். வாசகர்கள் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். தொடாமல் பணம் செலுத்தும் வசதி கொண்ட கைப்பேசிகளில் பல, அருகில் வரும் அட்டையை ஒலி எழுப்பி அறிவிக்கும். முதலில் அட்டையைக் கைப்பேசியின் பின்புறம் வைத்து அது உணரப்படுவதைக் காண்க. பிறகு இரண்டிற்கும் நடுவே நோட்டுப் புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எத்தனை சென்டிமீட்டரில் தொடர்பு அறுகிறது என்று அளந்து பார்க்க. ஒரு சிறு அடுக்கிலேயே தொடர்பு அறுந்துவிடும். இறுதியாகப் புத்தகங்களை நீக்கிவிட்டு, அட்டையை அலுமினியத் தாளில் முழுதும் சுற்றி வைத்துப் பார்க்க. கைப்பேசி அட்டையை உணராது. இதே முறையால் கடையில் வாங்கிய உறையையும் சோதிக்கலாம். பெயரளவில் தடுப்பு உறை என விற்கப்படுவது உண்மையில் தடுக்கிறதா என்பது உடனே விளங்கும்.

உறை அட்டையை மூடியிருக்கும் வரையில்தான் காக்கும் என்பதையும் நினைவிற் கொள்க. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் 2013-ஆம் ஆண்டில் நடந்த ஆராய்ச்சி ஒன்றில், அட்டையும் இயந்திரமும் பேசிக்கொண்டிருக்கும்போது அப்பேச்சை ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து ஒற்றுக் கேட்க இயலும் என்று காணப்பட்டது. அந்நேரத்தில் அட்டை உறையை விட்டு வெளியே இருக்கிறது. அவ்விடத்தில் காப்பது உறை அன்று. முற்கூறிய ஒருமுறைச் சங்கேத எண்ணே ஆகும்.

பணம் உண்மையில் போகும் வழிகள்

அட்டைத் தகவலைக் களவாடும் 'ஸ்கிம்மிங்' என்னும் சொல் முதலில் தோன்றியது காந்தப் பட்டையை ஒட்டியே. அட்டையின் பின்புறக் கரும்பட்டையில் எழுதப்பட்ட தகவல் மாறாதது. அதை ஒருமுறை படித்தால் வேறொரு வெற்று அட்டையில் அப்படியே எழுதிவிடலாம். ஏ.டி.எம். இயந்திரத்தில் அட்டை செருகும் வாயின்மேல் திருடர்கள் ஒரு போலி வாயைப் பொருத்துகின்றனர். இரகசிய எண்ணை அறிவதற்கு விசைப் பலகையின்மேல் ஒரு சிறு காமிராவை ஒளித்து வைக்கின்றனர். 2018-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இம்முறையால் பலருடைய கணக்குகளிலிருந்து பணம் எடுக்கப்பட்டது. வெளிநாட்டவர் சிலர் கைது செய்யப்பட்டனர். காந்தப் பட்டையை மட்டும் நம்பும் அட்டைகளை 2018 டிசம்பர் 31-க்குள் சில்லு அட்டைகளாக மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருந்ததன் காரணம் இத்தகைய திருட்டுகளே. இவ்வகைத் திருட்டில் அட்டை உடையவரே அதை உறையிலிருந்து எடுத்து இயந்திரத்தில் செருகுகிறார் என்பது கவனிக்கத் தக்கது.

2016 அக்டோபரில், ஏறக்குறைய 32 லட்சம் இந்திய பற்று அட்டைகளின் தகவல் வெளிப்பட்டிருக்கலாம் என்று தெரிய வந்தது. ஏ.டி.எம். இயந்திரங்களை இணைக்கும் அமைப்பு ஒன்றில் தீய நிரல் புகுந்ததே அதற்குக் காரணம். அட்டைகள் அவரவர் பைகளில் பத்திரமாகவே இருந்தன. பை எத்தகைய உலோகத்தால் ஆனதாக இருப்பினும் பயன் இருந்திராது.

திருப்பதி யாத்திரிகர்களுக்கு நெருக்கமான அபாயம் மற்றொன்று. தரிசனச் சீட்டு, தங்கும் அறை, சேவைகள் ஆகியவற்றை இணையத்தில் பதிவு செய்ய விரும்புவோரை ஏமாற்ற, தேவஸ்தானத்தின் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்கள் உண்டாக்கப்படுகின்றன. 2023-ஆம் ஆண்டில் தேவஸ்தானம் புகார் அளித்தபோது, அவ்வாறு கண்டறியப்பட்ட போலித் தளங்களின் எண்ணிக்கை நாற்பதைக் கடந்திருந்தது. இங்கு யாரும் யாருடைய பையையும் படிப்பதில்லை. பக்தரே தம் அட்டை எண்ணையும், 'ஓ.டி.பி.' எனப்படும் ஒருமுறைக் கடவெண்ணையும் தம் கையாலேயே தட்டித் தருகிறார்.

தொடா அட்டையையே கருவியாகக் கொண்ட புதிய திருட்டு ஒன்றையும் இங்குக் குறிப்பிடலாம். 2024 ஆகஸ்டில் ஈசெட் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் செக் குடியரசில் நடந்த ஏமாற்றை வெளியிட்டது. வங்கியிலிருந்து வருவது போன்ற செய்தியை நம்பியவர்கள் தம் கைப்பேசியில் ஒரு போலிச் செயலியை நிறுவினர். பின்னர் அச்செயலி கேட்டபடி தம் அட்டையைத் தம் கைப்பேசியின் மேலேயே வைத்து, இரகசிய எண்ணையும் இட்டனர். அட்டையின் பேச்சு இணைய வழியே திருடனின் கைப்பேசிக்குச் சென்று, ஏ.டி.எம்.மிலிருந்து பணத்தை எடுத்துத் தந்தது. நான்கு சென்டிமீட்டர் என்னும் இயற்கையின் வேலியைத் திருடன் பெரிய சுருளினால் தாண்டவில்லை. உடையவரின் நம்பிக்கையைக் கொண்டே தாண்டினான்.

இழப்பு யாரைச் சேரும்?

கவசத்தின் மதிப்பை அளக்க இன்னொரு கணக்கும் உண்டு. வாடிக்கையாளரின் அனுமதியின்றி நடக்கும் மின்னணுப் பரிமாற்றங்களில் இழப்பு யாரைச் சேரும் என்பதை ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் நாளிட்ட சுற்றறிக்கையில் வகுத்தது. வங்கியின் தவறும் இன்றி, வாடிக்கையாளரின் தவறும் இன்றி, மூன்றாமவர் செயலால் பணம் போயிருந்தால், வங்கியின் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் வாடிக்கையாளர் தெரிவித்துவிட்டால் அவருக்கு இழப்பு ஏதும் இல்லை. தெரிவித்த பத்து வேலை நாள்களுக்குள் வங்கி அத்தொகையைக் கணக்கில் வரவு வைத்தல் வேண்டும். வாடிக்கையாளர்மேல் தவறு உண்டென்று நிறுவும் பொறுப்பும் வங்கியையே சாரும். ஆனால் வாடிக்கையாளர் தம் இரகசிய எண் முதலியவற்றைப் பிறருக்குத் தந்ததனால் இழப்பு நேர்ந்திருந்தால், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையில் போன தொகை முழுவதும் அவரையே சேரும்.

இவ்விதியைக் கவசத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை தெளிவாகும். பையிலுள்ள அட்டையை ஒருவன் தொடாமலே படித்துப் பணம் எடுப்பது முதல் வகையைச் சேர்ந்தது. அது அரிதாக நிகழ்வது, தொகைக்கு வரம்புள்ளது, காலத்தில் தெரிவித்தால் திரும்பப் பெறத்தக்கது. கவசம் காப்பது இந்த ஒன்றைத்தான். கடவெண்ணைச் சொல்லி இழப்பது இரண்டாம் வகை. அது அடிக்கடி நிகழ்வது. கணக்கில் உள்ள தொகை முழுவதையும் விழுங்கவல்லது. திரும்பப் பெறுவது அரிது. கவசம் இதைச் சிறிதும் தடுப்பதில்லை. மகளின் திருமணத்திற்கென்று சேர்த்த பணமும், வேண்டுதலுக்கென்று ஒதுக்கிய காணிக்கையும் ஒரே கணக்கில் இருக்கும் குடும்பத்திற்கு இவ்வேறுபாடு சிறியதன்று. ஆயிரம் ரூபாய்க்குப் பை வாங்கி, 'இனி அஞ்ச வேண்டியதில்லை' என்று எண்ணும் மனநிலையே அக்குடும்பத்திற்குப் பெரிய ஆபத்தாகலாம்.

செய்யத் தக்கவை

கவசத்தினும் உறுதியானதும் செலவற்றதுமான முறைகள் பின்வருமாறு:

1. தொடாப் பயன்பாடு வேண்டாதவர், வங்கியின் செயலி வழியாகவோ, இணைய வங்கி வழியாகவோ, ஏ.டி.எம். வழியாகவோ, தொலைபேசி வழியாகவோ அதை மூடிவிடலாம். மூடப்பட்டபின், கடை இயந்திரத்தை அட்டையின் அருகில் கொண்டுவந்தாலும் வங்கி பணம் தர மறுத்துவிடும். வெளிநாட்டுப் பயன்பாட்டையும் மூடி வைத்தல் நன்று.

2. தொடாப் பயன்பாட்டை விரும்புபவர், ஒரு பரிமாற்றத்துக்கான வரம்பைத் தம் தேவைக்கேற்பக் குறைத்து வைக்கலாம். யாத்திரைக்கெனத் தனிக் கணக்கும், அதில் தேவையான தொகையும் மட்டும் வைத்துக்கொள்வது மேலும் நன்று.

3. பரிமாற்றம் நடந்தவுடன் குறுஞ்செய்தி வருமாறு கைப்பேசி எண்ணை வங்கியில் பதிவு செய்க. திருமலையில் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டுத் தரிசனத்திற்குச் செல்பவர், திரும்பப் பெற்றவுடன் செய்திகளைப் பார்த்தல் வேண்டும்.

4. ஏ.டி.எம்.மில் அட்டை செருகும் வாயை அசைத்துப் பார்த்த பின்னரே பயன்படுத்துக. இரகசிய எண்ணை இடும்போது மற்றொரு கையால் விசைப் பலகையை மறைத்துக்கொள்க.

5. தேவஸ்தானத்தின் தள முகவரியை நேரே தட்டிச் செல்க. தேடலில் முதலில் தோன்றுவதை நம்பற்க. கடவெண்ணை எவருக்கும் சொல்லற்க. அட்டையைக் கைப்பேசியின்மேல் வைக்குமாறு எவரேனும் தொலைபேசியில் கூறினால் உடனே பேச்சை நிறுத்திவிடுக.

6. பணம் போனதை அறிந்தவுடன் வங்கிக்குத் தெரிவித்து அட்டையை முடக்குக. பின்னர் 1930 என்னும் தேசிய உதவி எண்ணில் புகார் செய்க. காலம் தாழ்த்தும் ஒவ்வொரு மணியும் திருடனுக்கே உதவும்.

இவ்வளவும் செய்தபின், மன அமைதிக்காக ஓர் உறை வேண்டும் என்று கருதுபவர் குறைந்த விலையுள்ள ஒன்றை வாங்குவதில் தவறில்லை. அட்டை கசங்காமலும் கீறாமலும் இருக்க அது பயன்படும். தம் வங்கி தொடாப் பயன்பாட்டை மூட எளிய வழி தரவில்லையெனில், அலுமினியத் தாள் ஒன்றை மடித்துப் பணப்பையின் உட்புறம் வைத்துக்கொள்வதும் அதே பயனைத் தரும். விலையுயர்ந்த கவசப் பைகளை வாங்குவதற்கு விஞ்ஞான ஆதாரமோ பொருளாதார ஆதாரமோ இல்லை.

காதங்கியின் சாவடியைக் கடக்கும் யாத்திரிகரின் ஐயத்திற்கு விடை இதுவே: சட்டைப் பையில் உள்ள அட்டையை இயற்கையின் விதியே பெரும்பாலும் காத்து நிற்கிறது, எஞ்சிய சிறு பகுதியை வங்கியின் விதி காக்கிறது. இவ்விரு விதிகளாலும் காக்க இயலாதது, உடையவர் தாமே பிறரிடம் சொல்லிவிடும் இரகசிய எண் ஒன்றே.